ஸாப் ஆற்றை எப்படிக் கடந்தார்கள்

அன்புள்ள பாண்டிக்கு,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. வசந்தியின் போட்டோவைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். சிரிக்காதபோதும் சிரிக்கிற மாதிரி இருக்கிற முகம். அவள் வீட்டார் பம்பாயிலேயே இத்தனை காலம் இருந்தும் பேச்சில் தென்காசி வாசம் போகவில்லை என்று எழுதியிருந்தாய். மனசு நிறைந்தது. பெண்ணுக்கு என்ன நிறத்தில் புடவை எடுக்கலாம் என்று யோசித்துக்கொண்டே படித்து வந்தவள், கடைசிப் பக்கத்தின் அடியில், இடம் போதாமல் நெருக்கி எழுதியது போலிருந்த அந்த வரியில் நின்றுவிட்டேன். கல்யாணத்துக்கு நீங்கள் மட்டும் வந்தால் போதும் அம்மா என்று எழுதியிருந்தாய். அதற்குக் கீழே காகிதத்தில் இன்னும் இடம் இருந்தது. நீதான் எழுதவில்லை.

அப்படி எழுத உனக்கு உரிமை இருக்கிறது. அதை மறுப்பதற்காக இந்தக் கடிதத்தை எழுதவில்லை. உன் அப்பாவுக்காகப் பரிந்து பேசவும் வரவில்லை. ஈராக்கில் உனக்கு என்ன நடந்தது என்பதில் நீ சொன்ன கொஞ்சம் எனக்குத் தெரியும். சொல்லாததை நான் கேட்டதில்லை, கேட்கவும் மாட்டேன். ஆனால் நீ அங்கே அடைபட்டிருந்த மாதங்களில் இங்கே என்ன நடந்தது என்பது உனக்குத் தெரியாது. நீ கேட்கவில்லை, எனக்கும் சொல்லத் தெம்பில்லை. ஒரு பெண்ணைக் கைப்பிடித்து உன் வீட்டுக்குள் கூட்டி வரப்போகிறாய். அதற்கு முன்னால் நீ விட்டுவிட்டு வந்த வீட்டைப் பற்றி முழுசாகத் தெரிந்துகொள். அதற்குப் பிறகும் உன் முடிவு அதேதான் என்றால் நான் ஒன்றும் சொல்ல மாட்டேன்.

நீ இரண்டாம் வகுப்பு படிக்கும்போது நாம் எழுமலையை விட்டு வில்லாபுரத்துக்கு வந்தோம். எனக்கு டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை கிடைத்திருந்தது. உன் அப்பாவுக்குக் கல்லூரியில் வரலாற்றுப் பாடம். மற்ற வாத்தியார்கள் ராஜாக்களைச் சொல்லிக்கொடுத்தால் இவர் ஆறுகளைச் சொல்லிக்கொடுத்தார். நான் டூட்டிக்குப் போகுமுன் காய் நறுக்கிக்கொண்டிருப்பேன், அவர் எதிரே உட்கார்ந்து அந்தக் கிரேக்கப் படையின் கதையைச் சொல்லிக்கொண்டிருப்பார். ஒரு பாரசீக இளவரசன், அண்ணனிடமிருந்து சிம்மாசனத்தைப் பிடுங்குவதற்காகக் கூலிக்கு அமர்த்திய படை. சண்டையில் இளவரசன் செத்துப்போனான். கூலிக்கு வந்த பத்தாயிரம் பேரும் அந்நிய தேசத்தின் நடுவில் அனாதையாக நின்றார்கள். ஊர் திரும்ப வேண்டும், வழி தெரியாது, குறுக்கே ஆறு ஆறாக வருகிறது. அவர்களோடு நடந்த ஒருவன் பிறகு அதையெல்லாம் எழுதிவைத்தான். ஒவ்வோர் ஆற்றுக்கும் பெயர் என்ன, அகலம் எவ்வளவு, படகுகளைக் கோத்துப் பாலம் போட்டார்களா, இறங்கி நடந்தார்களா என்று எழுதுவான். ஓரிடத்தில் ஆழம் பார்க்க ஈட்டியை விட்டால் அடி தட்டவில்லை. ஒருவன் வந்து, ஆட்டுத்தோல்களை ஊதி மிதவை கட்டி எல்லாரையும் கடத்திவிடுகிறேன், கூலி கொடுங்கள் என்கிறான். இன்னோரிடத்தில், யாரும் நடந்து கடந்ததில்லை என்று ஊர்க்காரர்களே சொல்லும் ஆற்றில் நெஞ்சளவுத் தண்ணீரில் படை முழுவதும் இறங்கிப் போய்விடுகிறது. எந்த ராஜா ஜெயித்தான் என்று எல்லாரும் மனப்பாடம் பண்ணுகிறார்கள், எந்த ஆறு எவனை நிறுத்தி வைத்தது என்று ஒருத்தரும் கேட்பதில்லை என்று சொல்லிச் சொல்லி மாய்ந்துபோவார்.

அந்த ஆறுகளில் ஒன்றைக்கூட அவர் பார்த்ததில்லை. பார்க்கக் கிடைத்தது வைகைதான். ஞாயிற்றுக்கிழமைகளில் உன்னை சைக்கிளின் முன்னால் உட்கார வைத்துக்கொண்டு போய்விடுவார். மழை முடிந்த கொஞ்ச காலம் தவிர அதில் ஏது தண்ணீர், மணல்தான். அந்த மணலில் உன்னை நிற்க வைத்து, இறங்காமலே ஓர் ஆற்றின் அகலத்தை எப்படிக் கணக்கிடுவது என்று சொல்லிக்கொடுத்தார். அக்கரையில் ஒரு மரத்தைக் குறி வைத்துக்கொள்ள வேண்டும். இக்கரையில் குச்சிகளை நட்டு, கரையோரமாக நடந்து, குச்சியும் மரமும் ஒரே கோட்டில் வருகிற இடத்தைப் பிடிக்க வேண்டும். நீ வீட்டுக்கு வந்து கோழிமுட்டை மாதிரி கண்ணை விரித்து எனக்கு அதை விளக்கினாய். எனக்குப் புரியவே இல்லை. உனக்கு அன்றைக்கு அப்பாவைவிடப் பெரிய ஆள் உலகத்தில் இல்லை. இதை ஏன் எழுதுகிறேன் என்றால், உங்கள் இரண்டு பேருக்கும் இடையில் ஆரம்பத்திலிருந்தே ஏதோ கோளாறு இருந்தது என்று வசந்தி நினைத்துக்கொள்ளக் கூடாது. அப்படி இல்லை.

அவருக்கு விடை கிடைக்காத ஒரு கேள்வி இருந்தது. பெரிய ஸாப் என்கிற ஆறு. அதன் பக்கத்தில்தான், சமாதானம் பேசலாம் வாருங்கள் என்று கூப்பிட்டுப் போய் அந்தப் படையின் தலைவர்களை மோசம் செய்து கொன்றார்கள். தலைவர்கள் இல்லாத படை, எதிரியின் குதிரைகள் கண்ணுக்கு எட்டும் தூரத்தில். அப்படியிருந்தும் அவர்கள் ஆற்றைக் கடந்துவிட்டார்கள். ஆற்றின் அகலம் ஏறக்குறைய நானூறு அடி என்று எழுதியவன், எப்படிக் கடந்தார்கள் என்பதை மட்டும் எழுதவில்லை. காலைச் சாப்பாட்டை முடித்துவிட்டு ஆற்றைக் கடந்தார்கள் என்பதோடு அடுத்த விஷயத்துக்குப் போய்விடுகிறான். உன் அப்பாவுக்கு அது பொறுக்கவில்லை. எத்தனையோ வருடமாக ஒரு கட்டுரை எழுதிக்கொண்டிருந்தார், அந்த ஒரு இடத்தில் வந்து நின்றுவிடும். நடந்து கடக்கும் துறை ஒன்று அங்கே இருந்திருக்க வேண்டும் என்பார். எங்கே, எந்த மாதத்தில், தண்ணீர் எதுவரை என்று தெரிந்தால் போதும் என்பார். ஆங்கிலப் புத்தகங்களில் தேடினார். அந்தப் பக்கம் போய்வந்த யாரோ ஒரு வெள்ளைக்காரரின் பயணக் குறிப்பைத் தேடி மெட்ராஸ் வரைக்கும் போனார். கிடைக்கவில்லை.

நீ டிப்ளமா முடித்து, எம்ப்ளாய்மெண்ட் ஆபீசில் பதிந்துவிட்டு, வேலையில்லாமல் ஹிந்தி படிக்கிறேன், டைப் படிக்கிறேன் என்று அலைந்துகொண்டிருந்த நேரம். பம்பாய்க் கம்பெனி ஒன்று ஈராக்கில் பாலம் கட்ட ஆள் எடுக்கிறது என்று நீதான் செய்தி கொண்டுவந்தாய். அங்கே போர் ஆரம்பித்து ஒரு வருடத்துக்கு மேலாகியிருந்தது. எக்ஸ்சேஞ்சில் எங்களுக்கெல்லாம் அது தெரியும், அந்தப் பக்கம் லைன் கிடைக்காமல் ஜனங்கள் காத்துக் கிடந்தார்கள். ஏஜெண்ட், சண்டை நடப்பது ஒரு மூலையில், நீங்கள் போவது இன்னொரு மூலையில் என்று சொன்னானாம். எந்த ஊர், எந்த ஆறு என்று அப்பா கேட்டார். நீ அந்தப் பெயரைச் சொன்னாய். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் எச்சில் கையோடு எழுந்துவிட்டார்.

"ஸாப்பா? பெரிய ஸாப்பா, சின்ன ஸாப்பா?"

நீ சிரித்தாய். பெரிய ஸாப்தான் என்றாய். அன்றைக்கு நான் போரைப் பற்றி நினைத்துக்கொண்டிருந்தேன், நீ சம்பளத்தைப் பற்றி, அவர் ஆற்றைப் பற்றி. ஒரே வீட்டில் மூன்று பேர் மூன்று இடத்தில் நின்றுகொண்டிருந்தோம். உனக்குக் குழந்தைகள் பிறக்கும், பாண்டி. அவர்கள் ஓர் இடத்துக்குக் கிளம்பும்போது, அங்கே உனக்கு என்ன வேண்டும் என்று யோசிக்காதே. அங்கே அவர்களைச் சுற்றி என்ன இருக்கிறது என்று யோசி. எனக்குத் தெரிந்து பெற்றவர்கள் செய்ய வேண்டியது இது ஒன்றுதான், பெரும்பாலும் செய்யாததும் இதுதான்.

உன் முதல் கடிதங்கள் நன்றாக இருந்தன. கேம்ப்பில் தகரக் கொட்டகை, ராத்திரி குளிர், சாம்பாருக்குப் புளி கிடைக்காத கஷ்டம். ஒவ்வொரு கடிதத்திலும் அப்பாவுக்கென்று கடைசியில் ஒரு பத்தி எழுதுவாய், ஆறு எப்படி இருக்கிறது என்று. அவர் பதிலுக்குக் கேள்விகளாக எழுதுவார். பாலம் கட்டும் இடத்திலிருந்து மேலே போனால் கரை சரிவாக இருக்கிறதா, செங்குத்தாக இருக்கிறதா? அடியில் மணலா, கூழாங்கல்லா? ஆடுகள் எங்கே இறங்குகின்றன? புத்தகத்திலிருந்த ஒரு வரைபடத்தை ஜெராக்ஸ் எடுத்து, அம்புக்குறி போட்டு, கேள்விக்குறி போட்டு அனுப்பினார். நீயும் விடாமல் பதில் எழுதினாய். அந்தக் கடிதங்கள் வருகிற நாட்களில் அவர் நடையே மாறிவிடும். நானும்தான் அதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டேன்.

ஐப்பசி மாதத்தோடு கடிதம் நின்றது. தீபாவளிக்கு வாழ்த்து வரவில்லை. கார்த்திகையும் போனது. பம்பாய்க் கம்பெனிக்கு நான் எக்ஸ்சேஞ்சிலிருந்து போன் போட்டால், விசாரித்துச் சொல்கிறோம் என்றார்கள். பிறகு அந்த நம்பரில் யாரும் எடுக்கவில்லை. தை பிறந்து கொஞ்ச நாளில் டேனியல் என்று ஒருவர் நம் வீட்டைத் தேடிக்கொண்டு வந்தார். திருநெல்வேலிக்காரர், உன் கேம்ப்பில் ஸ்டோர் கீப்பராக இருந்தவர், லீவில் ஊருக்கு வந்திருந்தார். உனக்கு அவரைத் தெரியும். அவர் இங்கே வந்தது உனக்குத் தெரியுமா என்று எனக்குத் தெரியாது.

செருப்பைக் கழற்றிவிட்டு வாசலிலேயே வெகுநேரம் நின்றார். உள்ளே வந்து உட்கார்ந்த பிறகும் நாற்காலியின் நுனியில்தான் இருந்தார். வெள்ளிக்கிழமை லீவு நாளில் நீ ஆற்றின் மேல்பக்கமாக நடந்து போனதையும், ஆட்டுக்காரர்களிடம் சைகையில் ஏதோ கேட்டதையும், கரையில் குச்சிகளை நட்டு அக்கரையைப் பார்த்துக்கொண்டு நின்றபோது சிப்பாய்கள் வந்து பிடித்ததையும் சொன்னார். பிறகு உன் பெட்டியைத் திறந்து அப்பாவின் கடிதங்களை எடுத்திருக்கிறார்கள். தமிழ் படிக்கத் தெரிந்தவன் யார் என்று கேட்டு டேனியலைக் கூப்பிட்டுப் போயிருக்கிறார்கள். ஓர் அறையில் உட்கார வைத்து, ஒவ்வொரு கடிதமாகப் படித்து இங்கிலீஷில் சொல்லச் சொல்லியிருக்கிறார்கள். அப்பா எழுதியிருந்ததில் ஒரு வரியை அவர் எங்களுக்குத் திரும்பச் சொன்னார். எதிரி பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு பெரும்படை இறங்கிக் கடக்க எந்த இடம் தோதாக இருக்கும் என்று விசாரித்து எழுது. அவருக்கு அது மனப்பாடமாகியிருந்தது.

"நான் மாத்திச் சொல்லிருக்கலாம் சார்," என்றார் டேனியல். "நலமா, சாப்பிட்டியான்னு எழுதிருக்குன்னு சொல்லிருக்கலாம். பயத்துல எழுதியிருந்தத அப்படியே சொல்லிட்டேன்."

உன் அப்பா அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "நீங்க சரியாத்தான் படிச்சிருக்கீங்க. அதுல வேற ஒண்ணும் எழுதல," என்றார்.

அது உண்மை. அந்தக் கடிதங்களில் நலமா என்றுகூட அவர் எழுதியிருக்கவில்லை. அதையெல்லாம் அம்மா எழுதுவாள் என்று எனக்கு விட்டுவிடுவார்.

டேனியல் போன பிறகு அவர் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனார். இருட்டின பிறகு திரும்பி வந்து மேஜையில் உட்கார்ந்து எழுத ஆரம்பித்தார். தூதரகத்துக்கு, டெல்லிக்கு, மந்திரிக்கு, எம்.பி.க்கு. என் மகன் உளவாளி இல்லை, கேள்வி கேட்டது நான், ஏன் கேட்டேன் என்றால் என்று ஆரம்பித்து, அந்தக் கிரேக்கப் படை, கொலையுண்ட தலைவர்கள், குதிரைப்படை, ஆற்றின் அகலம் எல்லாவற்றையும் விளக்கி, வரைபடமும் சேர்த்து அனுப்பினார். நல்ல வாத்தியார் அவர். புரியாத பையனுக்குப் புரிகிற வரைக்கும் சொல்ல வேண்டும் என்று நினைப்பவர். தான் சரியாக விளக்கிவிட்டால் அவர்கள் உன்னை விட்டுவிடுவார்கள் என்று நம்பினார். ஒரு கடிதத்துக்குப் பதில் வராவிட்டால் விளக்கம் போதவில்லை என்று நினைத்து அடுத்ததை இன்னும் நீளமாக எழுதினார். கடைசியில், மகனை அனுப்பிவிடுங்கள், அவனுக்குப் பதிலாக நான் வருகிறேன், என்னை வைத்துக்கொள்ளுங்கள் என்று முடிப்பார்.

நான் எனக்குத் தெரிந்த வழியில் தேடினேன். மெட்ராஸ் எக்ஸ்சேஞ்சில் ரெஜினா என்று ஒரு ஆபரேட்டர். இன்றுவரை அவள் முகத்தை நான் பார்த்ததில்லை, குரல் மட்டும்தான். டெல்லி லைன் எப்போது காலியாகிறது என்று பார்த்து என்னைக் கூப்பிடுவாள். டெல்லியில் இருந்தவளும் நான் கேட்ட நம்பரைப் பிடித்துக்கொடுத்துவிட்டு, பேசி முடிக்கும்வரை லைனை வெட்டாமல் காத்திருப்பாள். அப்படிப் பிடித்துப் பிடித்து, வெளிநாட்டு விவகாரம் பார்க்கிற ஆபீசில் ஒரு அதிகாரியிடம் பேச முடிந்தது. தமிழர், மரியாதையான மனிதர். உன்னை உயிரோடுதான் வைத்திருக்கிறார்கள் என்று அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அவர் சொன்ன இன்னொன்றையும் நான் மறக்கவில்லை.

"அம்மா, உங்க வீட்டுக்காரரை இனிமே எழுத வேணாம்னு சொல்லுங்க. அவர் எழுதுறது ஒவ்வொண்ணும் அங்க போய்ச் சேருது. மேப் வேற வச்சு அனுப்புறார். நாங்க ஒண்ணு சொன்னா அவங்க அதை எடுத்துக் காட்டுறாங்க."

ஹெட்செட்டைக் கழற்றி வைத்துவிட்டு அழுதேன். வீட்டுக்கு வந்து அவரிடம் சொன்னேன். நான் கோபமாகச் சொல்லவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னேன். அவர் மேஜையில் பாதி எழுதிய கடிதம் இருந்தது. பேனாவை மூடி வைத்தார். அதற்குப் பிறகு அவர் யாருக்கும் ஒரு வரிகூட எழுதவில்லை. செய்வதற்கு ஒன்றுமில்லாமல் ஒரு மனிதன் தன் கையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதை அந்தக் கோடைக்காலம் முழுவதும் நான் பார்த்தேன். எழுமலையிலிருந்து மாமா வந்து, "வாங்க மச்சான், ஊருக்குப் போயி நாலு நாள் இருந்துட்டு வருவோம்" என்று கூப்பிட்டார். தபால்காரர் வந்துவிட்டால் என்ன செய்வது என்று மறுத்துவிட்டார்.

அந்தக் கிரேக்கப் படையின் கதையில் ஓர் ஊர்த்தலைவன் வருவான், உனக்கும் சொல்லியிருப்பார். பனி மூடிய மலையில் அந்தப் படைக்கு வழிகாட்டுவதற்காக அவனைப் பிடித்துக்கொண்டு போகிறார்கள், பணயமாக அவன் மகனையும். வழியில் ஊர் ஒன்றும் வரவில்லை என்று அவனை அடிக்கிறார்கள். அன்று ராத்திரி அவன் ஓடிப்போய்விடுகிறான், மகனை அங்கேயே விட்டுவிட்டு. வகுப்பில் அதைச் சொல்லும்போது பிள்ளைகள் சிரிப்பார்களாம், இவரும் சிரிப்பாராம். ஒருநாள் சோற்றைப் பிசைந்துகொண்டே அவர் என்னிடம் சொன்னார், "ஓடிட்டான்னு எழுதிருக்கு. ஓடுனதுக்கு அப்புறம் அவன் எப்படி இருந்தான்னு எழுதல." சோற்றை அப்படியே வைத்துவிட்டு எழுந்துவிட்டார். அடுத்த கல்லூரி வருடம் ஆரம்பித்தபோது, பழங்கால வரலாறு தனக்கு வேண்டாம் என்று பிரின்சிபாலிடம் சொல்லி, வேறு பாடம் வாங்கிக்கொண்டார். என்ன சொல்லி வாங்கினார் என்று எனக்குத் தெரியாது.

உன்னை ஏன் விட்டார்கள் என்று யாரும் சொல்லவில்லை. எத்தனையோ பேர் கேட்டார்கள், யார் கேட்டதற்காக விட்டார்கள் என்று இன்றுவரை தெரியாது. மறுபடி மழைக்காலம் வருவதற்கு முன்னால் பம்பாயிலிருந்து நீ பேசினாய். நான்தான் அந்த லைனில் இருந்தேன்.

ஜங்ஷனில் உன்னைக் கூட்டிவர நாங்கள் இரண்டு பேரும் வந்தோம். ரயில் வருவதற்கு வெகுநேரம் முன்பே வந்துவிட்டோம். ரயிலிலிருந்து நீ இறங்கினபோது எனக்கு அடையாளம் தெரியவில்லை, அவருக்குத்தான் தெரிந்தது. ஓடி வந்து உன் பெட்டியை வாங்கப் பார்த்தார். நீ பிடியை விடவில்லை. இரண்டு பேரும் ஒரே பெட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றீர்கள். நீ அவர் முகத்தைப் பார்த்து, சத்தம் போடாமல், பக்கத்து வீட்டுக்காரரிடம் சொல்வது போலச் சொன்னாய்.

"நடந்தே கடக்கலாம்ப்பா. ஐப்பசில இடுப்பளவு தண்ணிதான். ஆடெல்லாம் எறங்கிப் போகுது. போதுமா?"

அவர் பெட்டியிலிருந்து கையை எடுத்துவிட்டார். நீ அவரிடம் கடைசியாகப் பேசினது அதுதான். அதற்குப் பிறகு நீ இங்கே இருந்த கொஞ்ச காலத்தில் ஒரே வீட்டில் ஆளுக்கொரு நேரத்தில் சாப்பிட்டீர்கள். உன் அறைக் கதவை யாராவது சாத்தினால் எழுந்து உட்கார்ந்துவிடுவாய். அவர் அதைக் கவனித்து, ஒருநாள் தச்சரைக் கூட்டிவந்து உன் அறையின் தாழ்ப்பாளைக் கழற்றச் சொன்னார். நீ அன்றைக்கு வெளியே போயிருந்தாய். அவர்தான் செய்தார் என்று நான் சொல்லவில்லை. நீயும் கேட்கவில்லை. இந்தக் கதவு விஷயத்தை வசந்தியிடம் கல்யாணத்துக்கு முன்பே சொல்லிவிடு, பாண்டி. புதிதாக வருகிற பெண், ராத்திரி நீ திடீரென்று எழுந்து உட்கார்ந்தால் தன்மேல் ஏதோ குறை என்று நினைத்துக்கொள்வாள். உனக்கு நடந்தது முழுவதையும் சொல்ல வேண்டியதில்லை. எது உன்னைத் தூங்கவிடாது என்பதையாவது சொல். சொல்லாமல் விட்ட ஒன்றைச் சுற்றி நடந்து நடந்தே எங்கள் வீட்டில் தரை தேய்ந்துபோயிற்று.

நீ பம்பாய் போய்ப் பல மாதங்களுக்குப் பிறகு நடந்தது இது. மெட்ராஸிலிருந்து ஓர் ஆராய்ச்சி மாணவர் வந்தார். நல்ல பிள்ளை, கூச்ச சுபாவம். அப்பா எப்போதோ எழுதி வெளியிட்ட சின்னக் கட்டுரை ஒன்றைப் படித்துவிட்டு, விலாசம் தேடிக் கண்டுபிடித்து வந்திருந்தார். பெரிய ஸாப் ஆற்றை அந்தப் படை எப்படிக் கடந்திருக்கும் என்று நீங்கள் கேட்டிருந்தீர்களே, அதற்குப் பிறகு ஏதாவது விடை கிடைத்ததா ஐயா என்று கேட்டார். நான் சமையலறையில் காபி ஆற்றிக்கொண்டிருந்தேன். ஆற்றுவதை நிறுத்திவிட்டேன். இருபது வருடம் அவர் தேடின விடை அது. உலகத்தில் அந்தப் பாடம் நடத்துகிற பெரிய பெரிய பேராசிரியர்களிடம் இல்லாதது, அவரிடம் இருந்தது. கண்ணால் பார்த்தவன் வாயால் கேட்டது.

"அது தெரியலப்பா," என்றார். "தெரியாதுன்னே எழுதிக்க."

அந்தப் பையன் போன பிறகு நான் கேட்டேன், ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று.

"சொன்னா, யாரு அளந்தாங்கன்னு கேப்பாங்க," என்றார்.

இதை நீ தெரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் இத்தனையும் எழுதினேன். அவர் உன்னிடம் மன்னிப்புக் கேட்டதில்லை, எனக்குத் தெரியும். கேட்கத் தெரியாதவர். கேட்டிருந்தாலும் நீ கொடுத்திருக்க வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். நீ அங்கே பட்டது பட்டதுதான். யார் வருத்தப்பட்டாலும் அது இல்லை என்று ஆகாது.

உன் கடிதத்தை அவருக்குப் படித்துக் காட்டும்போது அந்தக் கடைசி வரியை விட்டுவிட்டேன். மறுநாள் அலமாரியில் எதையோ தேடும்போது அவரே எடுத்துப் படித்திருக்கிறார். காலையில் குளித்து, சட்டை போட்டுக்கொண்டு, ஜங்ஷனுக்குப் போய் வரிசையில் நின்று பம்பாய்க்கு டிக்கெட் எடுத்துக்கொண்டு வந்தார். ஒரே ஒரு டிக்கெட். அதை என் கையில் கொடுத்து, "ஒனக்குக் கீழ் பெர்த்தே கெடச்சிருக்கு, ஏற எறங்கச் சிரமம் இல்ல" என்றார். அப்புறம் நான் இல்லாத நாட்களுக்கு என்று சமையல் கற்றுக்கொள்ள ஆரம்பித்தார். ஒரு டம்ளர் அரிசிக்கு எம்புட்டுத் தண்ணீர் என்று கேட்டார். நேற்று அவர் வடித்த சோறு குழைந்துவிட்டது. நன்றாக இருக்கிறது என்று சொல்லிச் சாப்பிட்டேன். ரிடையர் ஆன பிறகு அவருக்கு இடது கை கொஞ்சம் நடுங்குகிறது, கஞ்சி வடிக்கும்போது நான் பக்கத்தில் நின்றுகொள்கிறேன்.

நான் வரவில்லை, பாண்டி. ராத்திரியெல்லாம் யோசித்துத்தான் எழுதுகிறேன். நீ அவரை விலக்கி வைத்தது உன் வலி. அதற்கு ஒரு காரணம் இருக்கிறது, அது மாறலாம், மாறாமலும் போகலாம். ஆனால் உன் கல்யாணப் பந்தலில் நான் தனியாக வந்து நின்றால், அன்றைக்கு அவரை விலக்கி வைத்தவர்களில் நானும் ஒருத்தியாகிவிடுவேன். அதற்குப் பிறகு அதை யாராலும் சரிசெய்ய முடியாது. உன் பிள்ளைகளுக்குத் தாத்தா இல்லை என்பதை முடிவு செய்தவள் நானாக இருப்பேன். உன் பக்கம் நிற்க வேண்டிய நேரத்திலெல்லாம் நின்றிருக்கிறேன். இதில் மட்டும் என்னால் முடியவில்லை.

நீ அவரோடு பேச வேண்டும் என்று கேட்கவில்லை. எங்கள் இரண்டு பேரையும் கூப்பிட்டு ஒரு வரி எழுதினால் வருகிறோம். அவர் கடைசி வரிசையில் உட்கார்ந்து அட்சதை போட்டுவிட்டுச் சாப்பிட்டுக் கிளம்பிவிடுவார், உன் பக்கம் வரமாட்டார், அதற்கு நான் பொறுப்பு. எழுத மனம் வரவில்லை என்றால் எழுதாதே, அதற்காக நான் கோபப்பட மாட்டேன். கல்யாணம் நல்லபடியாக நடக்கட்டும். வசந்திக்கு அரக்கு நிறத்தில் பட்டு எடுத்திருக்கிறேன், சிவப்புக் கரை. பார்சலில் அனுப்புகிறேன். அவளை நன்றாக வைத்துக்கொள். அவள் வீட்டார் கேட்டால், அம்மாவுக்கு லீவு கிடைக்கவில்லை என்று சொல்லிக்கொள்.

நாளைக்குக் காலையில் டூட்டிக்குப் போகும் வழியில் ஜங்ஷனில் இறங்கி டிக்கெட்டை ரத்து செய்துவிடுவேன். அவரிடம் என்ன சொல்வது என்று இன்னும் முடிவு செய்யவில்லை. அவரிடமும் லீவு தரவில்லை என்றுதான் சொல்வேன் போலிருக்கிறது. நம்ப மாட்டார். ஆனால் ஏன் என்று கேட்க மாட்டார். இந்த வீட்டில் அவர் கேள்வி கேட்பதை நிறுத்திப் பல வருடமாகிறது.

அம்மா